வேலிக்குள் மட்டும் பசுமை

கோஸ்ரீ பாலங்களைக் கடந்து வல்லார்பாடம் தீவில் இறங்குபவருக்கு இரண்டு காட்சிகள் ஒருசேரத் தென்படும். ஒருபுறம் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக நேர்ந்துகொள்ளும் மாதா தேவாலயம். மறுபுறம் கம்பிவேலிக்கு அப்பால் கன்டெய்னர் முனையத்தின் பாரந்தூக்கிகள். அண்மையில் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமொன்றுக்கு மொழிபெயர்ப்பாளனாக அங்கே சென்றிருந்தேன். மலையாளத்தில் பேசப்படுவதைத் தூத்துக்குடியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வந்து நிற்கும் லாரி ஓட்டுநர்களுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. கூட்டம் தொடங்கத் தாமதமாயிற்று. சாலையோரம் நின்றிருந்த தூத்துக்குடி ஓட்டுநர் ஒருவரிடம், உள்ளே பாரந்தூக்கிகள் இப்போது மின்சாரத்தில் ஓடுகின்றனவாமே என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் வேலியைக் காட்டினார். “அதுக்கு அந்தப் பக்கம் கரண்டு, அண்ணாச்சி. இந்தப் பக்கம் டீசலுதான். முறை வர்ற வரைக்கும் வண்டி உறுமிக்கிட்டே கிடக்கும், புகை எங்க மூக்குக்குள்ள.”

எரிசக்தி மாற்றம் பற்றி இந்த ஆண்டில் நான் மொழிபெயர்த்த ஆவணங்கள் எதிலும் இவ்வளவு துல்லியமான ஒரு வரியை நான் சந்திக்கவில்லை. இக்கட்டுரை அந்த வேலியைப் பற்றியது.

ஒன்றியக் கப்பல் போக்குவரத்து அமைச்சகம் 2023 மே மாதம் ‘ஹரித் சாகர்’ என்ற பெயரில் பசுமைத் துறைமுக வழிகாட்டுதல்களை வெளியிட்டது. துறைமுகங்கள் பயன்படுத்தும் ஆற்றலில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 2030க்குள் 60 விழுக்காட்டையும் 2047க்குள் 90 விழுக்காட்டையும் தாண்ட வேண்டும். கையாளப்படும் ஒவ்வொரு டன் சரக்குக்குமான கரிம உமிழ்வு 2030க்குள் 30 விழுக்காடும் 2047க்குள் 70 விழுக்காடும் குறைய வேண்டும். கரையில் கட்டப்பட்ட கப்பல்கள் தம் டீசல் இயந்திரங்களை அணைத்துவிட்டுக் கரை மின்சாரத்தில் இயங்க வேண்டும். இலக்குகளில் குற்றம் காண ஒன்றுமில்லை. கப்பலின் புகைபோக்கி மட்டாஞ்சேரியின் மேலும் வைப்பின் மேலும் கரும்புகை கக்குவது நிற்குமானால் முதலில் மகிழ்பவர்கள் அங்கே வாழும் மீனவர்களும் சுமைதூக்குவோரும்தான். நம் கேள்வி வேறு. இந்த விழுக்காடுகள் எங்கே அளக்கப்படுகின்றன? யார் கணக்கில் எழுதப்படுகின்றன? செலவு யார் தலையில் விழுகிறது?

இங்கே ஒரு மொழிபெயர்ப்பாளனின் புலம்பலுக்குத் தோழர்கள் சற்று இடம் தர வேண்டும். தமிழில் ‘பசுமை’ ஒரு பண்புப்பெயர். சேர்கிற சொல்லுக்கு ஏற்ப உருமாறுவது. பொன்னோடு சேர்ந்தால் பசும்பொன், தமிழோடு சேர்ந்தால் பைந்தமிழ். பொய்யோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதும் நம் மக்களுக்குத் தெரியும்: பச்சைப் பொய். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் வரும் பசுமையைத் தமிழாக்கும்போதெல்லாம் எந்தப் புணர்ச்சி விதியைக் கொள்வது என்று சில நொடிகள் பேனா தயங்குகிறது.

பொய் என்று நான் சொல்வது எண்களை அல்ல. எண்கள் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவை எழுதப்படும் எல்லைக்கோட்டில்தான் சூது இருக்கிறது.

வல்லார்பாடத்தின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கேரளத்தில் மின்விநியோகம் என்றாலே மாநில மின்வாரியம் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அங்கே சிறு உரிமதாரர்கள் பலர் உண்டு. திருச்சூர் மாநகராட்சி தன் பழைய நகர எல்லைக்குள் தானே மின்சாரம் விநியோகிக்கிறது. அம்மாநிலத்தில் அப்படிச் செய்யும் ஒரே உள்ளாட்சி அதுவே. டெக்னோபார்க், இன்ஃபோபார்க் போன்ற தொழில்நுட்ப வளாகங்களுக்குத் தனி உரிமம் உண்டு. மூணாறில் தேயிலைத் தோட்ட நிறுவனமான கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியே மின்விநியோக உரிமதாரர். வெல்லிங்டன் தீவிலும் வல்லார்பாடம் துறைமுகப் பகுதியிலும் கொச்சித் துறைமுக ஆணையம் உரிமதாரர். இவர்கள் மின்சாரத்தை மாநில மின்வாரியத்திடம் மொத்தமாக வாங்கித் தம் வேலிக்குள் சில்லறையாக விற்கிறார்கள்.

ஆக, துறைமுகக் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, டீசல் பாரந்தூக்கியை மின்பாரந்தூக்கியாக மாற்றி, “இவ்வளவு உமிழ்வைக் குறைத்துவிட்டோம்” என்று வேலிக்குள் எழுதப்படும் கணக்கின் மறுபக்கம் வேலிக்கு வெளியே மின்வாரியத்தின் ஏட்டில் இருக்கிறது. பாரந்தூக்கி இரவிலும் இயங்கும், சூரியன் இயங்காது. இரவில் அதை இயக்குவது இடுக்கியின் நீரும், வெளிமாநிலங்களிலிருந்து வாங்கப்படும் நிலக்கரி மின்சாரமும்தான். தன் தேவையில் சுமார் 70 விழுக்காட்டை வெளியிலிருந்து வாங்குகிற மாநிலம் கேரளம். புகைபோக்கி வல்லார்பாடத்தில் இல்லை என்பதால் புகையே இல்லை என்று ஆகிவிடாது. அது வேறொரு மாநிலத்தில், வேறொரு ஏழையின் குடிசைக்கு மேல் நிற்கிறது.

இதை எல்லோரும் போற்றுகிற ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்கலாம். கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்ட் 18 அன்று உலகின் முதல் முழுச் சூரியசக்தி விமான நிலையமாயிற்று. 45 ஏக்கரில் 46,150 தகடுகள், 12 மெகாவாட். 2018இல் ஐக்கிய நாடுகள் அவை அதற்குப் புவியின் சாம்பியன் விருதும் கொடுத்தது. சாதனை உண்மையானது; மாநில அரசு முதன்மைப் பங்குதாரராக இருக்கும் நிறுவனம் அது என்பதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் வளைகுடாவிலிருந்து நள்ளிரவில் இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதை விளக்கை ஏற்றுவது எது? பகலில் மிகுந்த மின்சாரத்தை விமான நிலையம் மின்வாரியத்தின் கம்பிகளில் விட்டுவைக்கிறது; இரவில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வங்கியில் போட்டு எடுப்பது போல. அந்த ‘வங்கி’ காற்றில் மிதப்பதல்ல. அணைகள், துணைமின் நிலையங்கள், மழையில் கம்பத்தில் ஏறும் லைன்மேன், மாலை விலைக்கு வாங்கிய மின்சாரம் ஆகியவற்றாலானது. அதாவது பொதுத்துறை மின்வாரியமே அந்த விமான நிலையத்தின் மின்கலம். உலகம் பாராட்டியது தகடுகளை. மின்கலத்துக்கு நன்றி சொன்னவர்கள் குறைவு.

2024 கோடையில் கேரளத்தின் உச்ச நேரத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அது நண்பகலில் அன்று, குழந்தைகள் புழுக்கத்தில் உறங்க முடியாமல் புரளும் இரவு நேரத்தில். பகலில் கூரைச் சூரிய மின்சாரம் ததும்புகிறது. இருட்டியதும் அத்தனை வீடுகளும் ஒரே நேரத்தில் மின்வாரியத்திடம் கை நீட்டுகின்றன. அந்த நேரத்து மின்சாரம் சந்தையில் மிக விலை உயர்ந்தது. எனவே தூய எரிசக்தியின் இன்றைய உண்மையான சிக்கல் பகலில் உற்பத்தி செய்வது அன்று, இரவுக்குச் சேமிப்பது. காசர்கோட்டின் மைலாட்டியில் 125 மெகாவாட் மின்கலச் சேமிப்பு நிலையம் திட்டமிடப்பட்டதும் நீரேற்று மின்திட்டங்கள் பற்றிய பேச்சு எழுந்ததும் அதனால்தான். இவை பெருஞ்செலவு பிடிப்பவை, மெல்லப் பலன் தருபவை. இலாபம் பகலில் இருக்கிறது. பொறுப்பு இரவில் இருக்கிறது. பகலைத் தனியாருக்கும் இரவைப் பொதுத்துறைக்கும் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் இப்போது ‘சீர்திருத்தம்’ என்று பெயர்.

கூரை இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024இல் தொடங்கிய பிரதமரின் வீட்டுச் சூரிய மின்திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. பெற வேண்டுமானால் சொந்தக் கூரை வேண்டும், நிழல் விழாத கூரை வேண்டும், மீதிச் செலவுக்குக் கையில் பணமோ வங்கியின் கருணையோ வேண்டும். மட்டாஞ்சேரியின் சந்துகளில் சுவரோடு சுவர் உரசி நிற்கும் ஓட்டு வீடுகளில், ஒரே அறையை இரண்டு குடும்பங்கள் பகிரும் வாடகைக் குடித்தனங்களில், இந்த மானியம் எந்த வழியாக நுழையும்? கூரை உள்ளவர் தன் கட்டணத்தைச் சுழியாக்கிக்கொள்ளும்போது கம்பிக்கும் கம்பத்துக்குமான செலவு சுழியாகிவிடுவதில்லை. அது கூரையில்லாதவரின் கட்டணத்தில் போய்ச் சேர்கிறது. நடுத்தர வர்க்கத் தோழர்கள் சிலருக்கு இது கசக்கும். அவர்கள் தகடு பொருத்தியது தவறென்று நான் சொல்லவில்லை. குடியிருப்புக்குப் பொதுவான தகடுகளை உள்ளாட்சியும் மின்வாரியமும் பொருத்தி, வாடகைக்காரரின் கணக்கிலும் வரவு வைக்க வேண்டும் என்பதற்காகவும் அவர்கள் போராட வேண்டும் என்கிறேன்.

மின்கம்பி யாருடையது என்ற சண்டை கொச்சி மண்ணுக்குப் புதிதன்று. கொச்சி சமஸ்தானத்தில் 1935 முதல் 1941 வரை திவானாக இருந்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர். கே. சண்முகம் செட்டியார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். தமிழிசைக்கு அவர் செய்த பணியை நாம் மறுப்பதில்லை. ஆனால் திருச்சூர்க்காரர்கள் அவரை வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். 1936இல் திருச்சூர் நகரின் மின்விநியோகத்தை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்க அவர் முடிவு செய்தார். நகரம் திரண்டெழுந்தது. டாக்டர் ஏ. ஆர். மேனன், இக்கண்ட வாரியர், சி. ஆர். இய்யுண்ணி ஆகியோர் முன்னின்றனர். இந்துவும் கிறித்தவரும் ஒரே மேடையில் நின்ற போராட்டம் அது. இன்று ‘மின்சாரப் போராட்டம்’ என்ற பெயரில் கேரள வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. மின்சாரம் என்பதையே பெரும்பாலோர் வீட்டில் கண்டிராத காலத்தில் அது தனியார் கைக்குப் போகக் கூடாது என்று ஓர் ஊர் வீதிக்கு வந்தது!

அப்போது திவான் பணியவில்லை. ஆனால் போராடிய நகரம் அதை மறக்கவுமில்லை. இன்று அந்நகரில் மின்சாரம் வழங்குவது மாநகராட்சி. அப்போராட்டத்தின் டாக்டர் ஏ. ஆர். மேனன் 1957இல் இ. எம். எஸ். அமைச்சரவையில் சுகாதார அமைச்சராக அமர்ந்தார். அதே அமைச்சரவையில் மின்துறையைக் கவனித்தவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். மாநில மின்வாரியம் உருவானதும் அதே ஆண்டில்தான்.

திருச்சூர் மாநகராட்சி மின்துறையைப் புனிதப் பசுவாக்கவும் நான் விரும்பவில்லை. சிறிய உரிமதாரர், சொந்த உற்பத்தி இல்லாதவர், மொத்த விலைக்கு வாங்கி விற்பவர் என்ற வரம்புகள் அதற்கும் உண்டு. ஆனால் அங்கே விளக்கு எரியாவிட்டால் கேட்பதற்கு ஒரு வார்டு உறுப்பினர் இருக்கிறார். அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். வல்லார்பாடத்து வேலிக்குள் யாரை எந்தத் தேர்தலில் வீட்டுக்கு அனுப்புவது?

மூணாறை நினைத்துப் பாருங்கள். அங்கே கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். வேலை தருவது கம்பெனி, குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது, மின்விநியோக உரிமமும் கம்பெனியிடம். 2015 செப்டம்பரில் கூலி உயர்வும் போனசும் கேட்டு அந்தப் பெண்கள் மூணாறு நகரைச் சூழ்ந்து அமர்ந்தபோது, தொழிற்சங்கத் தலைமைகளையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். அந்தச் சூடு நமக்கும் பட்டது. முதலாளி, வீட்டுக்காரர், மின்சாரக்காரர் மூவரும் ஒருவரே என்ற நிலையில் கை உயர்த்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! இத்தனைக்கும் திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல், 1940இல் இயங்கத் தொடங்கியது, அந்த மலையில்தான் இருக்கிறது.

இந்த வேலிகளை நாடு முழுவதும் எழுப்பத்தான் ஒன்றிய அரசு சட்டம் தேடுகிறது. 2022 ஆகஸ்ட் 8 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மின்சாரத் திருத்த மசோதா, தொழிலாளர்கள், விவசாயிகள் எதிர்ப்பால் நிலைக்குழுவுக்குப் போய், அந்த மக்களவையோடு காலாவதியாயிற்று. 2025 அக்டோபர் 9 அன்று அதன் மறுபிறவி வரைவாக வந்தது. ஒரே பகுதியில் பல உரிமதாரர்கள். புதியவர் கம்பி இழுக்க வேண்டியதில்லை, பொதுத்துறையின் கம்பியையே பயன்படுத்திக்கொள்ளலாம். உற்பத்தித் தொழில்களுக்கும் ரயில்வேக்கும் மெட்ரோவுக்கும் குறுக்கு மானியச் சுமை ஐந்தாண்டுகளில் நீக்கப்படும். ஒரு மெகாவாட்டுக்கு மேல் பயன்படுத்தும் பெரிய நுகர்வோருக்கு மின்சாரம் வழங்கியே தீர வேண்டும் என்ற கடமையிலிருந்து விநியோகிப்பவருக்கு விலக்கு அளிக்கலாம். இவற்றோடு ஒட்டுப் போட்டாற்போல், புதைபடிவமல்லாத எரிசக்தியைப் பயன்படுத்தும் கடப்பாடு பற்றிய பிரிவும் இருக்கிறது. கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவார்கள். இவர்கள் நஞ்சுக்குப் பச்சை வண்ணம் தடவியிருக்கிறார்கள்.

குறுக்கு மானியம் என்பதை எளிய சொல்லில் இப்படிச் சொல்லலாம்: பெரிய கடையும் பெரிய ஆலையும் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதால்தான் ஒற்றை விளக்கு எரியும் வீடு குறைவாகக் கொடுக்கிறது. கூடுதலாகக் கொடுப்பவர்களைப் புதிய உரிமதாரர் வலைவீசிக் கொண்டுபோய்விட்டால், மின்வாரியத்திடம் மிஞ்சுவது ஒற்றை விளக்கு வீடுகளும் இரவு நேரப் பொறுப்பும்தான். இது கற்பனை அன்று, மும்பையில் நடந்ததுதான். 2008இல் உச்ச நீதிமன்றம் டாடா பவர் நிறுவனத்துக்குச் சில்லறை விநியோக உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தபின், நுகர்வோர் ஒரு நிறுவனத்தின் கம்பியிலிருந்தபடியே மற்றொன்றின் வாடிக்கையாளராக மாறலாயினர். 2012இல் மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையமே தலையிட்டு, மாதம் 300 யூனிட்டுக்கு உட்பட்ட சிறிய நுகர்வோரை முதலில் சேருங்கள் என்று கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. ஒடிசாவின் கதை இன்னும் பழையது: 1999இல் தனியார்மயம், 2001இல் அமெரிக்க நிறுவனம் ஏ.இ.எஸ். கைகழுவிப் போனது, 2015இல் ரிலையன்சின் உரிமங்கள் ரத்து, பிறகு டாடா. பாடம் கற்க இன்னும் எத்தனை மாநிலங்களைச் சோதனை எலியாக்க வேண்டும்? 2025 பிப்ரவரியில் சண்டிகர் போயிற்று. புதுச்சேரியில் 2022இல் மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிராவிட்டால் அதுவும் அப்போதே கைமாறியிருக்கும்.

“பருவநிலை நெருக்கடி கதவைத் தட்டுகிறது, பொதுத்துறை ஆமை வேகத்தில் போகிறது, தனியார் மூலதனத்துக்குத்தான் வேகம் உண்டு” என்கிறார்கள் நம்மைப் பழமைவாதிகள் எனக் கருதும் நண்பர்கள். வேகம் யாருடையது என்று பார்ப்போம். 2017 மே மாதம் கேரளம் வீடுகள் அனைத்துக்கும் மின் இணைப்பு தந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கடைசியாக எஞ்சியிருந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு, காட்டுக்குள் முதுவர்கள் வாழும் இடமலைக்குடி வரை, கம்பி கொண்டுபோனது மின்வாரியம். எந்த முதலீட்டாளரும் அந்த மலையேற வரிசையில் நிற்கவில்லை. 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே நாட்டின் முதல் சூரியசக்திப் பயணப்படகு ‘ஆதித்யா’வை ஓட்டியது மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவின் மின்கலப் படகுகளைக் கட்டியது பொதுத்துறையின் கொச்சிக் கப்பல் கட்டும் தளம். ஓட்டுவது மாநில அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனம். சத்தமும் புகையும் இல்லாத அந்தப் படகில் அலுவலகம் போகிறவரும் போகிறார், கூலி வேலைக்குப் போகிறவரும் போகிறார்.

தனியாரின் வேகம் வேறு இடத்தில் தெரிகிறது. வல்லார்பாடம் முனையம் 2005இல் டி.பி. வேர்ல்டு நிறுவனத்துக்கு 30 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்டது. வருவாயில் 33.3 விழுக்காடு துறைமுகத்துக்கு, மீதி அந்நிறுவனத்துக்கு. கப்பல் வரும் கால்வாயை ஆண்டு முழுவதும் தூர்வாரி ஆழம் காக்கும் பெருஞ்செலவோ பொதுத்துறைத் துறைமுகத்தின் தலையில். 2011 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மன்மோகன் சிங் முனையத்தைத் திறந்துவைத்தார். பசுமை மின்சாரத்திலும் இதே ஒப்பந்த வடிவத்தைத்தான் கேட்கிறார்கள். தூர்வாருவது நாம், மீன் பிடிப்பது அவர்கள்.

கேரள அரசு 2040க்குள் முழுவதும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, 2050க்குள் கரிமச் சமநிலை என்று இலக்கு வைத்திருக்கிறது. 2023இல் ஸ்மார்ட் மீட்டர்களைத் தனியார் ஒப்பந்ததாரர் பொருத்தி, இயக்கி, நுகர்வோரிடமிருந்து ஆண்டாண்டாக வசூலிக்கும் ஒன்றிய அரசின் முறையை ஊழியர் சங்கங்களின் போராட்டத்துக்குச் செவிசாய்த்து நிராகரித்தது. பாராட்டத்தக்கது. தமிழ்நாட்டிலும் 2024 இறுதியில் அதானி குழும நிறுவனம் மிகக் குறைந்த விலைப்புள்ளி தந்திருந்த ஸ்மார்ட் மீட்டர் டெண்டர் ரத்தாயிற்று. மீட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு மட்டாஞ்சேரித் தோழர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். அந்தத் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. கங்காணி உலோகத் தகடுகளைக் கூட்டத்தின் நடுவே எறிவான். அடித்துப் பிடித்துத் தகட்டை எடுத்தவனுக்கு அன்று வேலை. எடுக்காதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அதை ஒழிக்கக் கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்டது. சையது, சைதலவி ஆகிய தோழர்கள் குண்டுக்கு இரையாயினர். ஆன்டணி காவலர் அடியால் மாண்டார். முன்பணம் தீர்ந்த நொடியில் தானே விளக்கை அணைக்கும் மீட்டரைப் பற்றிக் கேட்கும்போது எனக்கு அந்தத் தகடுதான் நினைவுக்கு வருகிறது. சாப்பாவையாவது எறிபவனின் முகத்தைத் தொழிலாளி பார்க்க முடிந்தது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரையும் ஒரு வேலியாகிவிடும். வல்லார்பாடம் முனையத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் அமைக்க 316 குடும்பங்கள் அகற்றப்பட்டன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் போலீஸ் துணையோடு வீடுகள் இடிக்கப்பட்டபோது கேரளத்தில் ஆண்டது இடதுசாரி முன்னணி. மறுவாழ்வுத் தொகுப்பு அடுத்த மாதமே அறிவிக்கப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் பல குடும்பங்களுக்கு அது முழுமையாகக் கிடைக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மனை கொடுத்துவிட்டு வீடு கட்டச் சொன்னால் சுவர் வெடிக்கும், வெடித்தது. ‘நாட்டுக்குத் தேவையான வளர்ச்சி’ என்று அன்று சொன்னார்கள். இன்று ‘புவிக்குத் தேவையான பசுமை’ என்று சொல்லி நாளை இன்னொரு மூலம்பிள்ளியைக் கேட்டால், மிதக்கும் சூரியத் தகடுகளுக்காகக் காயலையும் நீரேற்று அணைக்காக மலைக்குடிகளையும் கேட்டால், நம் பதில் இப்போதே ஆயத்தமாக இருக்க வேண்டும். முதலில் மறுவாழ்வு, அதன் பிறகே திட்டம். காயலில் தகடு மிதக்குமானால் அங்கே வலை வீசியவருக்கு அதன் வருவாயில் பங்கு.

வல்லார்பாடத்துக் கூட்டம் இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்கியது. காத்திருக்கும் லாரிகளுக்கு நிறுத்துமிடமும் கழிப்பறையும் வேண்டும். வெளியே புகைக்கும் டீசலையும் துறைமுகத்தின் உமிழ்வுக் கணக்கில் சேர்க்க வேண்டும். துறைமுகத்தின் சூரிய மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்தும் அளவுக்குச் சேமிப்புச் செலவில் பங்கு தர வேண்டும். மூலம்பிள்ளிக் குடும்பங்களின் மறுவாழ்வைத் தீர்க்காமல் எந்தப் பசுமை விருதும் ஏற்கக் கூடாது. திருத்த மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும் என்று தீர்மானங்கள் படிக்கப்பட்டன. தூத்துக்குடி ஓட்டுநர் முதல் தீர்மானத்துக்குக் கை தட்டினார். மசோதா வருவதற்குள் அவர் முறை வந்துவிட்டது, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துண்டறிக்கையைத் தமிழாக்கும்போது ‘பசுமைத் துறைமுகம்’ என்று வந்த இடங்களிலெல்லாம் ‘வேலிக்குள்’ என்ற ஒரு சொல்லை முன்னால் சேர்த்தேன். மொழிபெயர்ப்பாளன் மூலத்தில் கை வைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே மலையாளத் தோழர்களிடம் சொன்னேன். அவர்கள் மூலத்தையும் திருத்திக்கொண்டார்கள்.